அடியில் பொறித்திருந்த பெயர்

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டதெல்லாம் அடிப்பக்கங்கள்தான். தோட்டாக்கள் தலைகீழாக நிற்க, பித்தளை வட்டங்கள் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வட்டத்திலும் துவக்கின் அளவைச் சொல்லும் ஒரே பெயர், தேர்ட்டி-ஓட்-சிக்ஸ், தேர்ட்டி-ஓட்-சிக்ஸ், ஏதோ பள்ளிக்கூடத்தில் ஒரே பெயரில் ஒரு வகுப்பே நிற்பதுபோல. தயாபரன் ஒன்றை நகத்தால் கிளப்பி எடுத்து விளக்கடியில் பிடித்தார். நீளமானது. சரியானது. நல்லது என்று திரும்பச் செருகினார், செருகிய பிறகுதான், நல்லதென்றால் இது ஏன் இன்னும் மேசையில் இருக்கிறது என்ற கேள்வி வந்தது. இதையல்லவா மகள் அகல்யா வேட்டைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். இது இங்கே இருக்கிறது, அவள் விடியமுதலே போய்விட்டாள், கராஜ் கதவடியில் அவளுடைய சப்பாத்துத் தடத்தில் பனி உருகி ஒரு சின்னக் குளமாகக் கிடக்கிறது, மேசையில் மற்றப் பெட்டி இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம். அப்படியென்றால் அவள் கையில் போனது எது? கோப்பியை வாயில் வைத்தார். ஆறிப்போயிருந்தது. இப்போதுதான் போட்டதாக நினைவு, எப்படி ஆறியது, எவ்வளவு நேரமாக இந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்?

பதறாதே, முதலில் இருந்து வா என்று தனக்கே சொன்னார். கடைசல் இயந்திரத்தில் இத்தனை வருடம் எண்ணெய்க் கிணற்றுக்காரருக்குக் குழாய் கடைந்து கொடுத்தவர், மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கியவர், முதலில் இருந்து வரத் தெரியாதவரா. முதலில் நிக். பக்கத்து வீட்டு நிக்கிடம் தகப்பன் காலத்து ஜெர்மன் வேட்டைத் துவக்கு ஒன்று இருக்கிறது, குழாய் எட்டு மில்லி. அதற்குக் கோது, தோட்டாவின் பித்தளைக் கூடு, இந்த அல்பேர்ட்டா முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை, கடைக்காரன் தோளைக் குலுக்கினான், நிக் முகம் தொங்கிப்போனது, நான் செய்து தாறன் என்று இவர்தான் வாயை விட்டார். அகல்யாவின் துவக்கு தேர்ட்டி-ஓட்-சிக்ஸ். அது சுட்டுத் துப்பிய கோதுகள் டப்பா நிறையக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் வாய்ப்பக்கத்தை மட்டும் காஸ் சுவாலையில் காய்ச்சி, நிறம் மாறும் கணத்தில் தண்ணீருக்குள் தட்டிவிட்டு, அந்தச் ‘சுர்’ கேட்டு, ஆறியதும் மெழுகு தடவி, எட்டு மில்லி அச்சுக்குள் கைப்பிடியை மெல்ல மெல்ல அமுக்கினால் கோதின் தோள் கீழே இறங்கும். முன்பு உடம்பாக இருந்ததன் மேல்பகுதி இப்போது கழுத்தாகும். மிஞ்சிய நுனியை வெட்டி, அரத்தால் விளிம்பைத் தடவிவிட்டால் அது வேறொரு துவக்கின் கோது. அமுக்கும்போது கை உணரும் அந்த இளக்கம், வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவதுபோல. அதற்காகவே அவர் நிக் கேட்டதைவிடக் கூடுதலாகச் செய்தார். எல்லாம் மாறும், அடி மட்டும் மாறாது. அடியில் தொழிற்சாலை அடித்த பெயர் அப்படியே இருக்கும், தேர்ட்டி-ஓட்-சிக்ஸ். அதனால்தானே பெட்டிக்கு மேலே நாடா ஒட்டி எழுத வேண்டும். எழுதினார். நேற்றுப் பின்னேரம் எழுதிக்கொண்டுதானே இருந்தார், அப்போதுதானே மனைவி சிவகௌரி மேலேயிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில வந்திட்டினம். அந்த எண்ணெய்ச் சேர்ட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ.” அவர் நாடாவைக் கிழித்த கையோடு ஓடினார். கிழித்த நாடாவை ஒட்டினாரா? எந்தப் பெட்டியில்? மேசையிலுள்ளதன் மூடியில் நாடாவே இல்லை. படிக்கட்டு நினைவிருக்கிறது, சேர்ட்டின் பொத்தான் மாறிப் பூட்டுப்பட்டது நினைவிருக்கிறது, தொரொன்ரோவில் இருந்து அந்த மனுசி, வருங்காலச் சம்பந்தி, நெற்றிப் பொட்டு மட்டும் பெரிதாகத் தெரியத் திரையில் அசைந்தது நினைவிருக்கிறது. “பிள்ளைக்கு வேலை தவிர வேற என்ன விருப்பம்?” என்று அவ கேட்டதும், சிவகௌரி சங்கீதம் என்று சொல்லத் தொடங்குமுன் இவர் முந்திக்கொண்டு “வேட்டை” என்றார். திரை உறைந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அங்கே அசைவில்லை. மேசைக்குக் கீழே சிவகௌரி காலை மிதித்தாள். “மானோ?” என்று ஒரு ஆண்குரல் கேட்டது. “மான்தான். முதல்முறை போகேக்க...” என்று இவர் தொடர, அகல்யா சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? இப்போது நினைத்தால் அது சிரிப்புப்போலவே இல்லை. பிறகு அவள் கேட்டாள், “அப்பா, என்ர பெட்டி ரெடியோ?” “மேசையில இருக்குப் பிள்ளை, பச்சைப் பெட்டி.” பச்சைப் பெட்டி! எல்லாப் பெட்டியும் பச்சைதான், மலிவு விற்பனையில் ஒரேயடியாக வாங்கியது. ஏன் அப்படிச் சொன்னார், வாய் ஏன் அப்படிச் சொன்னது?

நிக்கின் பெட்டியை நிக்கிடம் கொடுத்தாயிற்றல்லவா? கொடுத்ததாகத்தான் இருக்கிறது. நிக் கதவைத் திறந்தது, நாய் காலை முகர்ந்தது, நிக் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கியது, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காட்சியில் புல் பச்சையாக இருக்கிறது. நிக் அரைக் கை சேர்ட் போட்டிருக்கிறான். அப்படியென்றால் அது கோடை, அது முதல் கொடுத்த பெட்டி. இந்த முறை செய்தது? தயாபரன் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். நிக் வீட்டுப் பாதையில் பனி மிதிபடாமல் கிடந்தது, வண்டியில்லை, கல்கரியில் மகள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தொலைபேசியில் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தது. நிக்குக்குக் காது கேளாது, கேட்டாலும் எந்தப் பெட்டி என்று கேட்டால் அவனுக்கு என்ன தெரியும். அகல்யாவுக்கு அடித்தார். அந்தப் பெண்குரல், நீங்கள் அழைப்பவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று மரியாதையாகச் சொன்னது. மறுபடி அடித்தார். அதே மரியாதை. ஏரிக்கரையில் ஒருநாளும் போன் கோடு கிடைப்பதில்லை, அது அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டே மறுபடியும் அடித்தார்.

நிக்கின் தோட்டா கொஞ்சம் கட்டை. அதனால்தான் பயம். நீளமாக இருந்திருந்தால் அகல்யாவின் துவக்குக்குள் போகாது, முட்டும், அவள் எடுத்துப் பார்ப்பாள். கட்டையானது தடையில்லாமல் உள்ளே போய் இருந்துகொள்ளும், பூட்டும் மூடும், ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் முனையிலிருக்கும் ரவை பருமன், அவளுடைய குழாய் ஒடுக்கம். விசையை அழுத்தினால் அந்த வேகம் போவதற்கு வழி தேடும், முன்னால் இல்லையென்றால் பின்னால், பின்னால் இருப்பது கன்னம். கண். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்ப்பாள், சின்ன வயதில் ஊசியில் நூல் கோர்க்கும்போதும் அப்படித்தான், நாக்கு நுனி வெளியே தெரியும். இல்லை. பார்க்காதே அதை. அவள் தோட்டாவை எடுத்ததும் பார்ப்பாள், அவளுக்குத் தெரியும், வேட்டைப் பாடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள், அவள் அவரைவிடக் கூட மார்க். பார்ப்பாள்தானே. எதைப் பார்ப்பாள்? அடியைத்தான் பார்ப்பாள். அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், ஏற்றுமுன் அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார், துவக்கில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பார். ஒத்துப்பார்ப்பாள். ஒத்திருக்கும்.

ஊரில், சண்டை நடந்த நாட்களில், இரண்டு தயாபரன்கள் இருந்தார்கள். இதை ஏன் இப்போது நினைக்கிறாய், வண்டிச் சாவி எங்கே, சாவியைத் தேடு. ஒருவன் இவர், மற்றவன் தையற்காரரின் மகன், இவரைவிட இரண்டு வகுப்பு மேலே, கிரிக்கெட்டில் இடக்கை. ஒரு பின்னேரம் சந்தியில் துவக்கோடு ஆட்கள் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவர் இங்கே யாருக்கும் சொல்வதில்லை, சொன்னால் கேட்பவர்கள் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். “ஆர் தயாபரன்?” தையற்காரரின் மகன் சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி “நான்தான்” என்றான். ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இவர் அப்போது கடைக்குள் சோடாப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவனைத்தான் தேடி வந்தார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அவன் ஒரு வம்புதும்புக்கும் போகாதவன், வேறு யாரையோ தேடி வந்திருக்கிறார்கள் என்று வேறு ஆட்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார்கள். இவரும்தான் ஒன்றுக்கும் போகவில்லை. போகவில்லையா? ஒருமுறை யாருக்கோ ஒரு பொதியைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார், உள்ளே என்ன என்று கேட்கவில்லை, அது அதற்கு முன்பா பின்பா. நாற்பது வருடமாகிறது, முன்பா பின்பா என்று இன்னும் பிடிபடவில்லை. சில நாள் முன்பு. சில நாள் பின்பு. சாவி அவருடைய கையிலேயே இருந்தது.

சிவகௌரி சமையலறையில் தங்கையோடு தொலைபேசியில் இருந்தாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு வெங்காயம் வெட்டினாள். “எங்க வெளிக்கிட்டாச்சு?” “ஏரிக்கு. பிள்ளை ஒரு சாமானை விட்டிட்டுப் போயிட்டாள்.” “என்ன சாமான்?” அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, தோட்டா, கோது, அச்சு, தோள், கழுத்து எல்லாம் ஒன்றாக வர, “பெட்டி” என்றார். “பெட்டி இல்லாட்டி அவள் திரும்பி வருவாள்தானே. உந்தப் பனிக்குள்ள நீங்கள் ஏன் அலையிறியள்?” அப்பாடா, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். பெட்டி இல்லாவிட்டால் வருவாள். இருக்கிறதே. “அப்பிடியே வரேக்க தயிர் வாங்கியாங்கோ” என்று அவள் பின்னால் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் பாதியாகக் கேட்டது.

பெருந்தெருவில் காற்று பனியைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது, தெருவே ஒரு பக்கமாக நகர்வதுபோல இருந்தது. நேரே பிடி. எண்ணெய் இறைக்கும் பொறிகள் வயலுக்குள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன, ஆம் ஆம் என்றா, இல்லை இல்லை என்றா, மேலும் கீழும் ஆட்டினால் ஆம்தானே. அவள் இப்போது என்ன செய்வாள். ஏரிக்கரையில் வண்டியை விட்டு, ஆரஞ்சு அங்கியைப் போட்டு, மரக்கூட்டத்துக்குள் நடந்து, முட்டிபோட்டு. முதல் வருடம் இருவரும் சேர்ந்து போனபோது அவள் சுட்டாள், ஒரே வெடி, மான் நாலடி ஓடி மடிந்தது. அவர் ஓடிப்போய் அவளுடைய முதுகில் தட்டினார். அவள் பக்கத்தில் போய்க் குனிந்து கனநேரம் நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று வீட்டில் வந்து சொன்னார், எல்லோருக்கும் சொன்னார், நேற்றுத் திரையில் தெரிந்த ஆட்களுக்கும் சொல்லவிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தாரா? தொப்பி பார்த்தார். குனிந்த தொப்பியின் மேல் பனி விழுந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் தனியே போகிறேன் என்றாள், ஒவ்வொரு பருவமும் போனாள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தாள், அவர் அவளை மேசையடியில் இருத்தி எங்கே நின்றாய், காற்று எந்தப் பக்கம், எத்தனை கண்டாய் என்று கேட்பார், அவளும் சொல்லுவாள். வேறு எதைப்பற்றியும் அவள் அவரோடு அவ்வளவு நேரம் இருந்து பேசியதில்லை. ஆஸ்பத்திரி வேலையைப்பற்றிக் கேட்டால் “பிஸி அப்பா.” கல்யாணத்தைப்பற்றிக் கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். மானைப்பற்றிக் கேட்டால் இருப்பாள். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கேட்டதா? கண்ணாடியை இறக்கினார், பனிக்காற்று காதை அறைந்தது, ஒன்றும் இல்லை, டயருக்குள் அகப்பட்ட கல்லாக இருக்கும். அல்லது வெடிதான். வேறு வேட்டைக்காரர் யாராவது. இன்று சனிக்கிழமை, காடு முழுக்க வேட்டைக்காரர்தான். வெடித்தால் எப்படிக் கேட்கும், வழக்கமான சத்தமா, வேறு சத்தமா? வேறாக இருக்கும் என்று நினைத்தார். தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

அவளுடைய நீல வண்டி ஏரிக்கரையில், தண்ணீர் உறையத் தொடங்கிய விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வெண்புகை. கண்ணாடிகள் எல்லாம் உள்ளிருந்து மூடுபனி படிந்து வெள்ளையாக இருந்தன. வண்டியிலிருந்து காட்டுப் பக்கமாக ஒரு காலடியும் இல்லை. அது அவருக்கு விளங்கவில்லை. பனி மூடிவிட்டதா, அவ்வளவு நேரமாகிவிட்டதா, அல்லது போய்த் திரும்பி வந்துவிட்டாளா, காயத்தோடு வந்து வண்டியை இயக்கி, ஓட்ட முடியாமல். சறுக்கி விழுந்து எழும்பி ஓடினார். முன் இருக்கையில் ஒருவருமில்லை. பின்கண்ணாடியைக் கையால் துடைத்தார், மூடுபனி உள்ளே இருந்தது, வெளியே துடைத்து என்ன. கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தபோது கம்பளிக்குக் கீழே ஒரு கை தொங்கியது தெரிந்தது. விரல்கள் அசையவில்லை. அவர் என்ன கத்தினார் என்று அவருக்குத் தெரியாது, முஷ்டியால் கண்ணாடியில் அடித்தார், மறுபடி, மறுபடி, அந்தக் கை சட்டென்று மேலே போனது, கம்பளி குலைந்தது, தலைமயிர் முகமெல்லாம் விழ அகல்யா எழும்பி உட்கார்ந்து அலறினாள்.

“அப்பா? என்ன? அம்மாவுக்கு என்ன?”

“ஒண்டும் இல்லை. கதவைத் திற. சுட்டனியோ?”

“என்ன?”

“சுட்டனியோ எண்டு கேக்கிறன்!”

“இல்லை... துவக்கு பின்னால பூட்டிக் கிடக்கு. ஏனப்பா நடுங்கிறியள்? உள்ள ஏறுங்கோ முதல்ல.”

ஏறினார். உள்ளே சூடாக, தலையணை வாசத்தோடு இருந்தது. தலையணை! வீட்டுத் தலையணை, பூப்போட்ட உறையோடு. “பெட்டியைத் தா” என்றார். அவள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். மூடியில் நாடா. அதில் அவருடைய கையெழுத்து, சந்தேகமேயில்லை, சாய்ந்த எழுத்து: தேர்ட்டி-ஓட்-சிக்ஸ், அகல்யா. அப்படியானால் சரிதானே, அவர்தானே எழுதியிருக்கிறார், என்று ஒரு கணம் உடம்பு தளர்ந்தது. ஒன்றை இழுத்து எடுத்தார். கட்டை. இன்னொன்றை எடுத்தார். கட்டை. நாடாவைப் பார்த்தார், தோட்டாவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து வைத்து அடியைப் பார்த்து எழுதியிருக்கிறார், தானே அமுக்கி, தானே வெட்டி, தானே அராவியதை.

அகல்யா வேறு எதையோ விளங்கிக்கொண்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி பேசினாள். “கோவிக்காதேங்கோ அப்பா. சொல்லத்தான் இருந்தனான், ஒவ்வொருமுறையும் சொல்லத்தான் நினைக்கிறனான். நான் சுடுறேல்லை. அந்த முதல் மானுக்குப் பிறகு ஒண்டும் சுடேல்லை. இஞ்ச வந்து படுக்கிறனான். நைட் டியூட்டி முடிஞ்சு வீட்டை வந்தால் அம்மா, மாப்பிள்ளை, போன், ஆஸ்பத்திரியில இருந்து வேற கூப்பிடுவினம். இஞ்ச கோடு கிடைக்காது. நல்லா நித்திரை வரும்.”

“வேட்டைக்கு வாறேல்லையோ?”

“இல்லை.”

“மூண்டு வருஷமாவோ?”

“நீங்கள் அந்தத் தோட்டாக்களைச் செய்துபோட்டுப் பாத்துக்கொண்டிருப்பியள். எப்பிடிச் சொல்லுறது?”

பொய். ஒவ்வொரு பருவமும் மேசையடியில் அவள் சொன்ன காற்றும் தடமும் பொய். அவருக்குக் கோபம் வந்தது, நிச்சயமாகக் கோபம்தான், காது சுட்டது. அந்தக் கோபத்தின் நடுவிலேயே அவளுடைய கன்னத்தைப் பார்த்தார், தலையணை மடிப்பு பதிந்து சிவந்திருந்தது, இரண்டு கண்ணும் இருந்தன, வீங்கி, நித்திரை முடியாமல். அவள் பொய் சொல்லாதவளாக இருந்திருந்தால், நல்ல பிள்ளையாக மரக்கூட்டத்துக்குள் போய் முட்டிபோட்டிருந்தால். வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார் என்று நினைக்கிறார்.

“இது உன்ர துவக்குக்குரியது இல்லைப் பிள்ளை” என்றார். “நிக்கின்ர. நான் பிழையா எழுதிப்போட்டன். நீ சுட்டிருந்தால்...” அவள் தோட்டாவை வாங்கி அடியைப் பார்த்தாள், திருப்பிக் கழுத்தைப் பார்த்தாள், மறுபடி அடியைப் பார்த்தாள். தாதி அல்லவா, அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. முகத்தில் வெடி பட்டு வந்தவர்களைப் பார்த்திருப்பாள். தோட்டாவை மிக மெதுவாக, நித்திரையில் இருக்கும் ஒன்றைக் கிடத்துவதுபோல, பெட்டிக்குள் வைத்தாள்.

ஏரியில் எங்கோ பனிக்கட்டி இறுகும் சத்தம் நீளமாகக் கேட்டது. கேட்க வேண்டியவை நிறைய இருந்தன, அவற்றில் கேட்கவே தேவையில்லாத ஒன்றுதான் முதலில் வந்தது.

“அப்ப அந்த ஒற்றைக் கொம்பன் மான்? போன வருஷம் சொன்னியே, பக்கத்தில வந்து நிண்டது எண்டு. அதுவும் பொய்யோ?”

“இல்லையப்பா, அது உண்மை.” அவள் மறுபடி கம்பளியை இழுத்துக்கொண்டு சரிந்தாள். “கண் முழிக்க உந்தக் கண்ணாடியை நக்கிக்கொண்டு நிண்டது. பனி உருகத் தெருவில போடுற உப்புப் படிஞ்சிருந்ததாக்கும். நாக்கு கறுப்பு.”

அவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். சூடு காலுக்குள் ஏறியது. வீட்டுக்குப் போகவேண்டும், நிக்குக்குச் சொல்லவேண்டும், எல்லாப் பெட்டியையும் கொட்டி ஒவ்வொன்றாக நீளம் பார்க்கவேண்டும், இதற்கு முன்பு எழுதிய நாடாக்களும் இருக்கின்றனவே, அவற்றில் எது யார் கையில். எழும்ப நினைத்தார். அவளுடைய கால் அவருடைய மடிக்கு வந்துவிட்டது, கம்பளிக் காலுறையோடு, பாரமாக.

“அப்பா.”

“என்ன பிள்ளை?”

“அம்மாட்டச் சொல்லாதேங்கோ.”

“எதை?” என்றார் தயாபரன். நித்திரையையா, பெட்டியையா? அவளுடைய மூச்சு சீராக வரத் தொடங்கிவிட்டது. குனிந்து இன்னொருமுறை, சத்தம் குறைத்துக் கேட்டார், “எதைப் பிள்ளை?”